பயந்த மூச்சு என்றார்கள்

அக்கா,

காலையில் கீழ்வீட்டில் யாரோ நொச்சித்தழையைக் கொதிக்கவைத்து வேது பிடித்திருக்கிறார்கள். அந்த வாசனை படியேறி எங்கள் சமையல்கட்டுக்குள் வந்து நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு நேரே பேத்தியிடம் ஓடினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து பொம்மைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். கவுனைத் தூக்கி விலாவைப் பார்த்தேன். "அம்மாச்சி, கூசுது விடு" என்று காலால் உதைத்தாள். உதைக்கிற பிள்ளையைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அவள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் ஃப்ளூவில் படுத்துவிட்டார்களாம். இவளுக்கும் வந்தது. அனல், உடம்புவலி, மூக்கொழுகல் எல்லாம் படுத்தியெடுத்துவிட்டு நேற்று விட்டது. பூங்கொடி ஆபீஸுக்குக் கிளம்பும்போது, "காச்சல் விட்டுடுச்சும்மா, இனிமே ஒண்ணும் பயமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். மற்றவர்களுக்கு நிம்மதி தருகிற இந்தப் பேச்சு எனக்கு நிம்மதி தராது. காய்ச்சல் அடித்தபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை. விட்ட பிறகுதான் பயப்படுகிறேன். ஏன் என்று கேட்காமலே புரிந்துகொள்கிற ஆள் நீ ஒருத்திதான் இருந்தாய். போன ஆடியில் நீயும் போய்விட்டாய். படிக்கத் தெரியாத எனக்கு எதற்கடி கடுதாசி என்பாய். இருந்த காலத்தில் நான் எதைப் படித்துக்காட்டினாலும் குறுக்கே பேசியவள் நீ. இப்போதாவது வாயை மூடிக்கொண்டு கேள்.

அந்தத் தை மாதத்தை நினைத்துக்கொள். குடவாசலுக்குத் தெற்கே அந்தத் தெருவுக்கு நாம் இருவரும் ஒரே வருஷத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். ஆட்சி மாறியிருந்தது. டீக்கடை ரேடியோவில் பேசுகிற தமிழ்கூட மாறியிருந்தது. நம் கூலி மட்டும் மாறவில்லை. சம்பா முற்றிக் கதிர் சாய்ந்து நிற்கும்போது, கூலி நெல்லை உயர்த்தித் தராமல் யாரும் அரிவாளைத் தொடுவதில்லை என்று சங்கத்தில் முடிவெடுத்தார்கள். உன் வீட்டுக்காரர்தான் சங்கத் தலைவர், எனக்கு மாமா முறை. மிராசுதாரர் மசியவில்லை. வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து அறுத்துக்கொள்வேன் என்றார். அவர் களத்தில் போலீஸ் வந்து கூடாரம் போட்டது.

அந்த வருஷங்களில் நம் குடிசைகளுக்கு மழையைவிடத் தீயின்மேல்தான் பயம். தகராறு முற்றினால் கூரையில் கொள்ளி விழும் என்பது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் காவலுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகளை எங்கே கிடத்துவது என்று பெண்கள் கூடி நின்று யோசித்தோம். நீதான் சொன்னாய்.

"பள்ளிக்கூடம் ஓட்டுக் கட்டடம்ல? அது எரியாது. எல்லாப் புள்ளைங்களையும் அங்கயே போட்டுடுவோம்."

எல்லோரும் உன்னைத்தான் பாராட்டினார்கள். தெருப் பிள்ளைகள் மொத்தமும் ஒரே அறையில், பனிக்காக சன்னலைச் சாத்திக்கொண்டு, கோணிச்சாக்குகளில் கோழிக்குஞ்சு மாதிரி நெருக்கிப் படுத்தார்கள். யாரும் தீ வைக்கவில்லை. ஒரு பிள்ளை மட்டும் தும்மியது. அந்த வாரத்துக்குள் எல்லாப் பிள்ளைக்கும் காய்ச்சல்.

அது என்ன காய்ச்சல் என்று அப்போது நமக்கு என்ன தெரியும்? விஷக்காய்ச்சல் என்றோம். கஷாயம் வைத்தோம், நொச்சி போட்டு வேது பிடித்தோம். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே விட்டது. உன் இளங்கோவுக்கும் விட்டது. தெருவில் டயர் உருட்டிக்கொண்டு ஓடினான். நீ அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பூண்டு ரசம் வைத்துச் சோறு பிசைந்து ஊட்டினாய். "என் புள்ளைக்கு இரும்பு உடம்புடி" என்று என்னிடம் பீற்றிக்கொண்டாய்.

மறுநாள் காலையில்தான் போலீஸ் தெருவுக்குள் வந்தது. ஆண்களைத் தேடி வீடுவீடாகப் படலை உதைத்துத் திறந்தார்கள். உன் வீட்டில் பானை, சட்டி, அடுப்பு எதையும் உடைக்காமல் விடவில்லை. இளங்கோ மூலையில் ஒட்டிக்கொண்டு நின்று பார்த்தானாம். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் அவனுக்கு உடம்பு மறுபடி கொதித்தது. மூச்சு வேகவேகமாக வாங்கியது.

அந்த மூச்சைப் பார்த்த எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: பிள்ளை பயந்துவிட்டான். வேறு எதைச் சொல்வார்கள், அக்கா? தொப்பியும் தடியுமாக வந்தவர்களைப் பார்த்துப் பெரிய ஆட்களுக்கே அன்று மூச்சு வாங்கியது. நானும் அதைத்தான் நம்பினேன். வேப்பிலை அடித்தார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். திருநீறு போட்டார்கள். நீ அவனை மார்போடு அணைத்துக்கொண்டு, "போயிட்டாங்கடா ராசா, போலீசு போயிடுச்சு, பயப்படாத" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். பொழுது சாய்வதற்குள் அவன் போய்விட்டான். அவன் பயந்து செத்ததாகவே தெரு நம்பியது. சங்கத்துக் கூட்டத்தில்கூட அப்படித்தான் பேசினார்கள்.

நீ அழுததை நான் அதிகம் பார்க்கவில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் என்னிடம் கேட்டாய்: "பயந்த புள்ள என்னைய ஏன்டி இறுக்கிப் புடிக்கல?" துக்கத்தில் ஏதோ பேசுகிறாய் என்று நினைத்து உன் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

என் பூங்கொடிக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. அவளுக்கும் காய்ச்சல் வந்து விட்டிருந்தது. இரண்டு நாள் நன்றாகத்தான் விளையாடினாள். இளங்கோ போன சில நாளில், ஒரு காலையில் லாரி வருகிறது என்று தகவல் வந்ததும் தெரு மொத்தமும் வாய்க்கால் பாலத்தை மறிக்க ஓடியது. வீட்டில் விட ஆள் இல்லாமல் அவளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தேன். பாலத்தில் மாமா முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஆண்களும் பெண்களுமாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். நான் ஓரத்தில் இருந்தேன். லாரி உறுமிக்கொண்டு வந்து பாலத்துக்கு முன்னால் நின்றது. மேலே அரிவாளும் தலைமுண்டாசுமாக வெளியூர் ஆட்கள். முன்சீட்டில் மிராசுதாரரின் காரியக்காரர். ஆட்களுக்குக் காவலாக லாரியிலேயே போலீஸும். பிள்ளை என் மடியில் கொதித்தாள். மூச்சு வாங்கினாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஞ்சலை எட்டிப் பார்த்தாள். "போலீசப் பாத்துப் பயந்துடுச்சு. மாரோட அணைச்சுக்க" என்றாள்.

நான் அணைத்துக்கொண்டேன். நீ அப்போது எங்கிருந்து வந்தாய் என்று தெரியவில்லை. என் கையை விலக்கிப் பிள்ளையின் சட்டையைத் தூக்கினாய். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இது பயமில்லடி" என்றாய். "பயந்த புள்ள ஆத்தாளைக் கட்டிக்கும். இது கட்டிக்கல பாரு. மூச்சு விடுறதுக்கே அதுக்குத் தெம்பு பத்தல. எம்புள்ளையும் இப்படித்தான்டி இருந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கு. இப்பவே தூக்கு."

எதில் தூக்கிக்கொண்டு போவது? தகராறு தொடங்கிய நாளிலிருந்து நம் பக்கம் பஸ் வரவில்லை. மாட்டுவண்டி எல்லாம் மிராசுதாரர் கொட்டிலில் நின்றது. நடந்து போனால் பிள்ளை தாங்காது. கண்ணெதிரில் நின்ற ஒரே வண்டி அந்த லாரிதான். நீ எழுந்து நேரே டிரைவரிடம் போனாய்.

"புள்ளைக்கு முடியலைங்க. கும்பகோணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுங்க. புண்ணியமாப் போவும்."

அந்த டிரைவர் நல்ல மனுஷன். இறங்கி வந்து பிள்ளையைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் வாய்க்கால். நடுவில் ஒரு வண்டி போகிற அகலம்தான்.

"கூட்டிட்டுப் போறேம்மா. ஆனா வண்டிய இங்க திருப்ப முடியாது. பின்னாலயே ஓட்டுனா வாய்க்கால்ல எறங்கிடும். பாலத்தைத் தாண்டிக் களத்துல போய்த்தான் திருப்பணும்" என்றார்.

மாமா உட்கார்ந்தபடியே கேட்டார்: "ஆளுங்கள இங்கயே எறக்கிட்டு வெறும் வண்டியா தாண்டுங்க. வழி விடுறோம்."

முன்சீட்டிலிருந்து காரியக்காரர் தலையை நீட்டினார். "அந்தக் கதையே வேணாம். வழிய விட்டா எல்லாருக்கும் விடுங்க. இல்லேன்னா வண்டி இப்படியே நிக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

ஆட்கள் பாலத்தைத் தாண்டிவிட்டால் அறுப்பு தொடங்கிவிடும். தொடங்கிவிட்டால் போராட்டம் முடிந்தது. அந்த வருஷம் முழுக்கப் பிள்ளைகளின் வயிறு பழைய கூலியிலேயே கிடக்கும். இது அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். லாரியின் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. பூங்கொடியின் விலாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழி விழுந்தது, நிமிர்ந்தது, மறுபடி விழுந்தது. அடுத்த தடவை நிமிருமா என்று ஒவ்வொரு தடவையும் காத்திருந்தேன். உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் உன் சத்தம் கேட்டது.

"எந்திரிங்க! எல்லாரும் எந்திரிங்க!"

நான் தலைநிமிர்ந்தபோது பாலம் காலியாகிக்கொண்டிருந்தது. லாரி தாண்டியது. ஆட்களைக் களத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது. நீ என்னை இழுத்து முன்சீட்டில் ஏற்றி, நீயும் ஏறிக்கொண்டாய். வழியெல்லாம் உன் உள்ளங்கை பிள்ளையின் முதுகில் இருந்தது. டிரைவரைப் பார்த்து, "வேகமாப் போங்க அண்ணே, வேகமாப் போங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாய்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழலை வைத்துக் கேட்டார். நிமோனியா என்றார். நுரையீரலில் சீழ்ச்சளி கட்டியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். ஊசி போட்டார்கள், மூக்கில் பிராணவாயு வைத்தார்கள். காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று கேட்டார். "வந்து விட்டுடுச்சுங்க, மறுபடி வந்துச்சு" என்றேன். "ஃப்ளூ வந்துட்டுப் போன பிறகு சில பிள்ளைகளுக்கு இப்படித்தான் பின்னாலேயே வரும்" என்றார்.

நீ சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாய். முன்னால் வந்து அவரிடம் கேட்டாய்.

"எம்புள்ளைக்கும் விட்டுட்டு மறுபடி வந்துச்சுங்க. பயந்துட்டான்னு சொன்னாங்க. அவனுக்கும் இதுதானுங்களா?"

"மூச்சு எப்படி விட்டான்?" என்று கேட்டார்.

உனக்குச் சொல்லத் தெரியவில்லை. விட்டுக் காட்டினாய், அக்கா. வாயைத் திறந்துகொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி, உன் மகன் கடைசியில் விட்ட மூச்சை அந்த வார்டின் நடுவில் நின்று விட்டுக் காட்டினாய். முக்கி முக்கி ஒரு சத்தம் வந்ததே, அதையும் சேர்த்து. நர்ஸ் கையில் இருந்ததை வைத்துவிட்டு உன்னைப் பார்த்தாள். டாக்டர் உன் முகத்தைப் பார்க்காமல், "இதேதாம்மா" என்றார். நீ தரையில் உட்கார்ந்து அன்றுதான் வாய்விட்டு அழுதாய். உன் பிள்ளை பயந்து சாகவில்லை என்று தெரிந்துகொள்ள உனக்கு என் பிள்ளை வேண்டியிருந்தது.

பிற்பாடு எனக்குப் பால்வாடியில் வேலை கிடைத்ததும் பயிற்சி கொடுத்தார்கள். எட்டாவது படித்ததற்கு அதுவாவது கிடைத்தது. அங்கேதான் முழுசாகப் புரிந்தது. உனக்குப் புரிகிற மாதிரி ஒருநாள் வரப்பைக் காட்டிச் சொன்னேன், நினைவிருக்கிறதா? ஃப்ளூ வருவது வரப்பில் நண்டு வளை போடுகிற மாதிரி. நண்டு போனதும் வரப்பு மேலுக்கு நன்றாகத்தான் தெரியும். ஆனால் உள்ளே ஓட்டை. அப்புறம் தண்ணீர் வந்தால் அந்த வழியாகவே உடைத்துக்கொண்டு போகும். மூச்சுக்குழாயின் உள்தோலை ஃப்ளூ அரித்து வைத்துவிடும், வேறு கிருமி அந்த வழியாக நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் காய்ச்சல் விட்ட பிறகு மறுபடி அடித்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. நீ வரப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஓட்டுக் கட்டடத்துல போடுன்னு நாந்தானே சொன்னேன்" என்றாய். "தீயில போயிருந்தா?" என்று உன்னைக் கடிந்துகொண்டேன். அன்றிலிருந்து நம் தெருவில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டாலும் மறுநாள் போய்ச் சட்டையைத் தூக்கிப் பார்க்கிற வேலையை நீ எடுத்துக்கொண்டாய். வசைபாடுகிற வீட்டுக்கும் போனாய்.

வசைக்கு என்ன குறைச்சல்? அந்த வருஷம் மிராசுதாரர் வெளியாட்களை வைத்தே அறுத்து முடித்தார். கூலி உயரவில்லை. உயர்த்திக் கேட்டவர்களுக்கு அடுத்த நடவில் வேலையும் இல்லை. அரை வயிற்றோடு கிடந்த தெரு உனக்கு ஒரு பெயர் வைத்தது: பாலத்தை விட்டவள். குளத்தில், கடையில், நடவு வயலில் எங்கே பார்த்தாலும் அஞ்சலைதான் முதலில் ஆரம்பிப்பாள். "தலைவர் சிங்கம் மாதிரி உக்காந்திருந்தாரு, கூட இருந்தவ காலை வாரி விட்டுட்டா" என்பாள். பின்னால் வந்த போராட்டங்களில் கூலி உயர்ந்தது. மாமாவுக்கு மேடையில் துண்டு போட்டார்கள். நீ பந்தலின் கடைசியில் மற்றவர்கள் விட்ட இடத்தில் உட்கார்ந்திருப்பாய்.

எனக்குப் பொறுக்காது. சண்டைக்குப் போவேன். நீதான் என் புடவையைப் பிடித்து இழுப்பாய். "ஏங்க்கா எந்திரிக்கச் சொன்ன?" என்று ஒருநாள் கேட்டேன். "எம்புள்ளைக்கு வந்தது என்னன்னு எனக்குத் தெரியல. உம்புள்ளைக்கு வந்தது தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சபிறகு எப்படிடி உக்காந்திருக்கிறது?" என்றாய். சொல்லிவிட்டு, வெற்றிலை இருக்கிறதா என்று கேட்டாய்.

நீ போன பதினாறாம் நாள் உன் படத்திறப்பு. பள்ளிக்கூடத் திடலில் பந்தல் போட்டிருந்தார்கள். இந்தத் தடவை உன் படம் மேடையில் இருந்தது. பூங்கொடியும் நானும் முன்வரிசையில் உட்கார்ந்தோம். அன்று பாலத்தில் இருந்தவர்களில் மிஞ்சிய கிழங்கள் எல்லாம் வந்திருந்தார்கள். மாமா கம்பை ஊன்றிக்கொண்டு மைக்குக்கு வந்தார்.

"பாலத்துல மொதல்ல எந்திரிச்சது அவ இல்ல. நான்" என்றார்.

கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே சொன்னார்.

"காரியக்காரர் முடியாதுன்னு சொன்னதும் எனக்கு இளங்கோ முகம் வந்துடுச்சு. எந்திரிச்சுட்டேன். அவ என்னைப் பாத்தா. பாத்துட்டு எனக்கு முன்னாடி வந்து நின்னுக்கிட்டு சத்தம் போட்டா. தலைவன் எந்திரிச்சான்னு பேராயிட்டா சங்கம் இருக்காது, எந்திரிச்சது அவதான்னே இருக்கட்டும்னு வீட்டுல சொன்னா. நானும் பேசாம இருந்துட்டேன். இத்தனை வருஷம் இருந்துட்டேன்."

அவர் அழுதார். யாராவது ஏதாவது சொல்வார்கள், அதிர்ச்சியில் எழுந்து நிற்பார்கள் என்று நான் சுற்றிலும் பார்த்தேன். யாரும் எழவில்லை. அஞ்சலை மூக்கைச் சிந்திக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"தெரியும்ப்பா. நாங்க ஒனக்குப் பின்னாடிதானே உக்காந்திருந்தோம். நீ எந்திரிச்சத எல்லாரும்தான் பாத்தோம். ஒன்னைச் சொன்னா சங்கம் நிக்குமா? பட்டினிக்கு யாரையாச்சும் சொல்லித்தானே ஆவணும்."

எனக்கு அவளை அறையக் கை பரபரத்தது. பூங்கொடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது, அக்கா. தெரிந்துகொண்டே உன்னை ஏசியிருக்கிறார்கள். மடியில் கிடந்த பிள்ளையின் விலாவை விட்டுக் கண்ணை எடுக்காத நான் ஒருத்திதான் பார்க்கவில்லை. அவர்களுக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியுமா? நீ கெட்டிக்காரி, தெரிந்துதான் இருக்கும். தெரிந்துகொண்டே அவர்கள் பிள்ளைகளின் சட்டையையும் போய்த் தூக்கிப் பார்த்தாய். அதை நினைத்தால் கோபம் வருகிறது. யார்மேல் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் பார்த்ததை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நான் கேட்டதை என்னிடமிருந்து யாரும் மாற்ற முடியாது. மாமா எழுந்தார், சரி. அவர் எழுந்தபோது பாலம் அப்படியேதான் கிடந்தது. உன் சத்தத்துக்குத்தான் எல்லோரும் எழுந்தார்கள். இப்போது பேத்தி பக்கத்து அறையில் பொம்மையை அதட்டிக்கொண்டிருக்கிறாள். பூங்கொடி சாயங்காலம் வந்துவிடுவாள். இந்த வீட்டில் மூச்சு விடுகிற எல்லோரும் நீ பாலத்தில் நின்று போட்ட அந்தச் சத்தத்தால்தான் இருக்கிறார்கள்.